பதினேழுக்குப் பட்டினி

அந்தக் கடல் ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு அடுப்பம்மா என்று பெயர். சம்பளச் சீட்டில் வேறு ஒன்று அச்சடித்திருக்கும். அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். இரண்டாம் மாடி வராந்தாவின் கடைசியில் இருந்த சமையலறை அவளுடைய ராஜ்யம். ஒரு மேடை, ஒரு தராசு, மார்பு உயரத்துக்கு ஒரு பிரஷர் குக்கர், அலமாரி நிறையப் பொடி டப்பாக்கள், சுவரோரம் உள்ளங்கை அகலக் கண்ணாடித் தட்டுகள் அடுக்கடுக்காக. சமைப்பது மனிதர்களுக்கு அல்ல, கடலிலிருந்து பிடித்து வந்த கிருமிகளுக்கு. கடல்நீரில் அகர் தூளைக் கரைத்து, குக்கரில் ஏற்றி இறக்கி, சூடு ஆறுவதற்குள் தட்டு தட்டாக ஊற்றினால் ஜெல்லி மாதிரி உறைந்துவிடும். அதன்மேல்தான் கிருமிகள் குடித்தனம் நடத்தும்.

நாற்பத்திமூன்று வயது வரைக்கும் அவள் வீட்டைத் தாண்டி வேலைக்குப் போனதில்லை. புருஷன் தையல்காரர். அவருக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்டு மெஷின் பாதி நாள் மூடிக் கிடக்க ஆரம்பித்ததும், சமையல் தெரிந்த ஆள் வேண்டும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஆய்வுக்கூடத்துக்குப் போய் நின்றாள். பேராசிரியர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்னம்மா தெரியும்?"

"நாப்பது பேருக்கு ஒத்தையா சமைப்பேன். அளவு தப்பாது."

"இங்க சமையல் மனுஷங்களுக்கு இல்ல. கிருமிக்கு."

"திங்கிற வாய் யாருதா இருந்தா என்ன சார்?"

"அதுங்களுக்கு வாயே கிடையாதும்மா."

"அப்ப எப்படித் திங்குது?"

பேராசிரியர் சிரித்துவிட்டார். கிருமி தன் உடம்பிலிருந்து ஒரு சாற்றைக் கக்கும், அதற்கு நொதி என்று பெயர், அந்தச் சாறு வெளியிலேயே சாப்பாட்டைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டிப் போடும், அப்புறம் கரைந்து வருவதைக் கிருமி உறிஞ்சிக்கொள்ளும் என்று விளக்கினார்.

"புரிஞ்சுது சார். எங்க மாமனாரும் பல்லு போனதுக்கப்புறம் ஊற வெச்சு உறிஞ்சிக்கிட்டுத்தான் இருந்தாரு."

வேலை கிடைத்துவிட்டது.

பதினோரு வருஷத்தில் அவள் ஊற்றிய தட்டு எதுவும் உறையாமல் போனதில்லை, குமிழி விட்டதில்லை. கை அப்படி. ஆனால் அந்தக் கைக்கு ஒரு வியாதி உண்டு. யாராவது ஒல்லியாக இருந்தால் அதற்குப் பொறுக்காது. அவள் மகன் ஏழாம் மாதத்தில் பிறந்தவன். ஒரு கரண்டிப் பால் குடிக்க முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்ட பிள்ளை. அவனைத் தேற்றி ஆளாக்கியதிலிருந்து, உலகத்தில் உள்ள எந்தக் கஷ்டத்துக்கும் இன்னொரு கரண்டிதான் மருந்து என்று அவளுக்கு உறுதியாகிவிட்டது. மகன் ஆளாகி, அகலமாகி, கல்யாண மேடையில் நாற்காலி முனகும் அளவுக்கு வந்து நின்றான். மருமகள் அவனை நடக்க விட்டு, வாயைக் கட்டி, பன்னிரண்டு கிலோ குறைத்தாள். போட்டோவைப் பார்த்த அடுப்பம்மா, "என் பிள்ளையைப் பிழிஞ்சு காயப் போட்டுட்டா" என்று மருமகளோடு இரண்டு மாதம் பேசவில்லை. புருஷன் சொல்லிப் பார்த்தார். அவருக்கும் ஒரு தட்டு கூடுதலாக விழுந்ததே தவிர, வேறு பலன் இல்லை.

இப்படிப்பட்டவளிடம்தான் ஆராய்ச்சிப் பெண் பதினேழை ஒப்படைத்துவிட்டுப் போனாள்.

பதினேழு என்பது ஒரு கிருமி. பேராசிரியரிடம் ஆராய்ச்சி செய்த அந்தப் பெண், கரையில் ஒதுங்கி அழுகிக்கொண்டிருந்த கடற்பாசியைச் சுரண்டி எடுத்து வந்ததில் முப்பது விதமான கிருமிகள் இருந்தன. பதினேழாவது மட்டும் தனி ரகம். கடற்பாசியின் வழவழப்பு என்பது சர்க்கரைத் துணுக்குகள் ஆயிரக்கணக்கில் கைகோத்து நிற்கும் சங்கிலி. அதை அறுக்க ஆலைகளில் அமிலம் ஊற்றிக் கொதிக்க வைப்பார்கள். பதினேழு கக்கும் நொதியோ ஐஸ் தண்ணீரிலேயே அதைக் கத்தரித்துப் போட்டுவிடும். அகர் என்பதும் கடற்பாசியின் வழவழப்புதானே. அதனால் பதினேழைத் தட்டில் வைத்தால், அது உட்கார்ந்த இடத்தையே தின்று சின்னக் குழி பறித்துக்கொண்டு அதற்குள் இறங்கிவிடும். முதல் தடவை அதைப் பார்த்தபோது அடுப்பம்மா வாயைப் பிளந்தாள்.

"அடிப்பாவி, படுத்திருக்கிற பாயையே திங்குதே!"

"அதுக்குத்தாம்மா இத்தனை மரியாதை" என்றாள் ஆராய்ச்சிப் பெண்.

அந்தப் பெண்ணுக்கு மூன்று வருஷ உழைப்பு பதினேழு. கடைசிப் பரிசோதனை ஒன்று பாக்கி இருக்கும்போது, அவளுக்குப் பிரசவம் நெருங்கியது. ஆறு மாதம் விடுப்பு. போவதற்கு முந்தின நாள், வயிற்றைத் தாங்கிக்கொண்டு சமையலறைக்கு வந்து நாற்காலியில் சாய்ந்தாள்.

"அம்மா, ஃப்ரீசர்ல இருபது குப்பி உறைய வெச்சிருக்கேன். இருந்தாலும் உயிரோட கொஞ்சம் ஓடிக்கிட்டே இருக்கணும். வாரம் ஒரு தடவை பழைய தட்டுல இருந்து புதுத் தட்டுக்கு மாத்தி வைப்பீங்களா?"

"பிள்ளைங்கள நான் பாத்துக்கறேன். நீ உன் பிள்ளையைப் பாரு."

"வெறும் கடல்தண்ணி, உப்பு, அகர். அவ்வளவுதான் சாப்பாடு. சரியா?"

"சரி பாப்பா."

அதைச் சொன்னபோது அவள் மனதில் கள்ளம் இல்லை. இரண்டு மாதம் சொன்னபடியே செய்தாள். மூன்றாம் மாதம் ஃப்ரீசரின் கம்ப்ரஸர் ஒரு விடுமுறை நாளில் நின்று போனது. திங்கட்கிழமை திறந்தபோது இருபது குப்பியும் வெதுவெதுப்பாக இருந்தன. பேராசிரியர் தலையில் கை வைத்துக்கொண்டார். குப்பிகளை எடுத்துச் சோதித்தார்கள், எதிலும் உயிர் இல்லை. பிள்ளை பெற்று மூன்று வாரம் ஆன பெண்ணிடம் இதைச் சொல்ல வேண்டாம், தட்டில் இருப்பது போதும் என்று அவரே முடிவு செய்தார். "இனிமே உங்க கையிலதாம்மா எல்லாம்" என்று அடுப்பம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வார்த்தைதான் வினையாகிவிட்டது. தட்டை எடுத்துப் பார்த்தாள். பதினேழு எப்போதும் போல மெலிந்து, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் குழிக்குள் சுருண்டு கிடந்தது. பக்கத்து அலமாரியில் மற்ற கிருமிகள் வெண்ணெய் உருண்டை போலப் புசுபுசுவென்று இருந்தன. அவற்றுக்கு மட்டும் பெப்டோன் என்ற புரதப் பொடி, ஈஸ்ட் பொடி என்று சத்தான சமையல். இவற்றுக்கு மட்டும் என்ன பாவம்? உப்புத் தண்ணீரும் ஜெல்லியும். செத்துகித்துப் போனால் அந்தப் பெண் முகத்தில் எப்படி விழிப்பது?

ஒரு சிட்டிகை போட்டாள்.

மறு வாரம் பதினேழு கொஞ்சம் தேறியிருந்தது. மனசு குளிர்ந்தது. அடுத்த வாரம் அரைக் கரண்டி. அப்புறம் ஒரு கரண்டி. மூன்று மாதத்தில் தட்டு முழுக்கக் கொழுகொழுவென்று, பார்க்கவே கண்கொள்ளாக் காட்சி. டப்பா சீக்கிரம் தீர்வதைப் பார்த்து ஸ்டோர்காரர்தான் ஒருநாள் கேட்டார்.

"என்ன அடுப்பம்மா, பெப்டோனை வீட்டுக்குக் கொண்டு போய் சூப் வெக்கிறீங்களா?"

"ஆமா, ஒரு நாள் வாங்க, உங்களுக்கும் ஊத்தறேன். அந்த வாய் கொஞ்ச நேரம் மூடி இருக்கும்."

ஆறு மாதம் முடிந்து ஆராய்ச்சிப் பெண் வந்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம், தோளில் பால் கக்கிய தடம். ஃப்ரீசர் விஷயத்தை அன்றுதான் பேராசிரியர் சொன்னார். முகம் வெளுத்துப் போய் நேராகச் சமையலறைக்கு ஓடி வந்தாள். அடுப்பம்மா பெருமையோடு தட்டுகளை எடுத்து நீட்டினாள்.

"பாரு. ஒண்ணுகூட வாடலை."

அந்தப் பெண் தட்டை வெளிச்சத்தில் பிடித்தாள். திருப்பினாள். அடுத்ததை எடுத்தாள். அதற்கடுத்ததை எடுத்தாள். ஒரு தட்டில் மட்டும் அயோடினை ஊற்றினாள். அகர் இருக்கும் இடம் பழுப்பாகக் கறுக்கும். நொதி அறுத்த இடம் வெளுத்து நிற்கும். தட்டு முழுசும், ஒரு மூலை விடாமல் கறுத்தது.

"குழியே இல்லம்மா" என்றாள் மெதுவாக. "இது பதினேழு இல்ல."

"என்னடி சொல்ற? நான்தான் மாத்தி மாத்தி வெச்சேன்."

"உங்க மேல தப்பில்ல. வேற ஏதோ கிருமி உள்ள புகுந்திருக்கு. காத்துல இருந்து, தண்ணியில இருந்து, எங்கிருந்தோ. பதினேழு செத்துப் போச்சு. இது வெறும் குப்பை." தட்டுகளை ஒவ்வொன்றாகச் சிவப்புக் கூடையில் போட்டாள். "குக்கர்ல ஏத்திடுங்க. மத்ததுக்குப் பரவிடப் போகுது."

சொல்லிவிட்டு வராந்தாவுக்குப் போய்ச் சுவரில் சாய்ந்து நின்றுவிட்டாள். ஆறு வாரத்தில் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். கரைக்குப் போய் வேறு பாசியைச் சுரண்டினால் வேறு கிருமிதான் கிடைக்கும். பதினேழைப் பற்றி எழுதிய இருநூறு பக்கத்துக்கும் பதினேழு வேண்டும்.

அடுப்பம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு குக்கர் முன்னால் நின்றாள். ஸ்டோர்காரர் அந்த நேரம் பார்த்து டப்பா கொண்டு வந்தவர், நிலைமையைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார். எத்தனை டப்பா பெப்டோன் எங்கே போனது என்று தெரிந்த ஒரே ஆள் அவர்.

"கம்முனு ஏத்திடுங்க" என்று தாழ்ந்த குரலில் சொன்னார். "அந்தப் பொண்ணே வேற கிருமின்னுதான் சொல்லுது. ஃப்ரீசர் செத்த கதையோட இதுவும் போயிடும். நான் வாயைத் திறக்க மாட்டேன்."

"நீங்க திறக்க மாட்டீங்க சரி" என்றாள் அவள். "நான் வேற ஒருத்தி இருக்கேனே."

குக்கரின் மூடி திறந்துதான் இருந்தது. கூடையை உள்ளே இறக்கி, திருகு ஆறையும் முடுக்கினால் இருபது நிமிஷத்தில் எல்லாம் தீர்ந்துவிடும். அவளுடைய கரண்டியும் அதோடு சேர்ந்து வெந்துவிடும். ஆனால் உள்ளே ஏதோ ஒன்று இடித்தது. வாரா வாரம் இந்தக் கையால்தானே மாற்றினாள். விளக்கைப் பற்ற வைத்து, கம்பியைச் சிவக்கக் காய்ச்சி, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு. வேறு கிருமி புகுந்தது என்றால் அவளால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. சேர்த்தது அவள், புகுந்தது எதுவும் இல்லை. அப்படியானால் கூடையில் கிடப்பது குப்பை இல்லை.

கூடையோடு வராந்தாவுக்குப் போனாள்.

"பாப்பா. இதுங்களுக்கு நான் பெப்டோன் போட்டேன்."

அந்தப் பெண்ணுக்கு முதலில் காதில் ஏறவில்லை.

"என்ன?"

"பெப்டோன். ஈஸ்ட் பொடியும். மூணு மாசமா. ஒல்லியா இருந்துதுன்னு போட்டேன். நீ வேணாம்னுதான் சொன்ன. நான்தான் போட்டேன்."

அவள் அடுப்பம்மாவைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்குப் பதில் இரண்டு அறை அறைந்திருக்கலாம்.

"எவ்வளவு?"

"லிட்டருக்கு ஒரு கரண்டி. கடைசி மாசம் கொஞ்சம் தாராளமா."

"ஒரே ஒரு வேலை சொன்னேன். வெறும் தண்ணி, உப்பு, அகர். மூணு வார்த்தைம்மா! எனக்கு மூணு வருஷம்!" குரல் உடைந்து வராந்தா முழுக்கக் கேட்டது. ஒன்றிரண்டு கதவுகள் திறந்தன. அடுப்பம்மா தலையைக் குனியவில்லை. குனிந்தால் அந்தப் பெண் உச்சந்தலையோடு பேசுவது போலாகிவிடும் என்று முகத்தைக் கொடுத்துக்கொண்டே நின்றாள்.

"திட்டு. நல்லாத் திட்டு. ஆனா இதை குக்கர்ல ஏத்தச் சொல்லாத. வேற எதுவும் உள்ள போகல. என் கைமேல ஆணையா, இது உன் பதினேழுதான்."

ஆராய்ச்சிப் பெண் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கூடையிலிருந்து ஒரு தட்டை எடுத்துத் திருப்பினாள். அப்புறம் மெல்ல, தனக்குத் தானே பேசுவது போல ஆரம்பித்தாள். நொதி தயாரிப்பது கிருமிக்குப் பெரிய செலவு. சுலபமான சாப்பாடு வாய்க்கு வந்தால் அதை எதற்குத் தயாரிக்க வேண்டும்? கூட்டத்தில் சில, நொதி செய்யும் வித்தையையே தொலைத்துவிடும். செலவு இல்லாததால் அவை வேகமாகப் பெருகும். உழைக்கிறவை மெதுவாகத்தான் பெருகும். வாரா வாரம் மாற்ற மாற்ற, சோம்பேறிகள் தட்டை ரொப்பிக்கொள்ளும்.

"உழைக்கிறது எல்லாமே போயிருக்குமா?" என்றாள் அடுப்பம்மா.

"தெரியல. லட்சத்துல ஒண்ணு மிச்சம் இருக்கலாம். இல்லாமலும் போயிருக்கலாம்."

"இருந்தா எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

அந்தப் பெண் அவளை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இன்னும் மூக்கு நுனியில்தான் இருந்தது.

"பட்டினி போடணும்மா. எல்லாத்தையும். அகரைத் தவிர ஒரு துளி எதுவும் கிடைக்கக் கூடாது. அறுத்துத் தின்னத் தெரிஞ்சது மட்டும் தின்னும். உங்களால முடியுமா?"

அடுப்பம்மா தலையை ஆட்டினாள்.

கடைத் தூளில் அகரோடு கூட வேறு அழுக்கும் இருக்கும். அதையே தின்று சோம்பேறிகள் பிழைத்துக்கொள்ளும் என்றாள் ஆராய்ச்சிப் பெண். அதனால் அடுப்பம்மா தூளை ஏழு தண்ணீர் கழுவினாள். கழுவிய தண்ணீர் கண்ணாடி மாதிரி ஓடும் வரை விடவில்லை. தட்டுகளைத் திரும்பவும் தேய்த்தாள். இருநூற்று நாற்பது தட்டு ஊற்றி அடுக்கினாள். அந்தப் பெண் கூடையில் இருந்தவற்றைச் சுரண்டி, உப்பு நீரில் கலக்கி, கலக்கியதை இன்னும் நீர்க்க வைத்துத் தட்டு தட்டாகத் தடவினாள். இரண்டு பேரும் ஒரே மேடையில் வேலை செய்தார்கள். "அதை எடுங்க", "இதை வைங்க" என்பதற்கு மேல் அந்தப் பெண்ணிடமிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. மதியம் அடுப்பம்மா அவித்த முட்டையை உரித்து அவள் பக்கம் தள்ளினாள். முட்டை அங்கேயே கிடந்தது. பால் கொடுக்கிறவள் வெறும் வயிற்றோடு இருக்கிறாளே என்று அடுப்பம்மாவுக்கு உள்ளுக்குள் அறுத்தது. ஆனாலும் இரண்டாம் தடவை தள்ளவில்லை.

முதல் இரண்டு நாள் தட்டில் ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள் ஊசி முனை அளவுக்குப் புள்ளிகள். நான்காம் நாளும் அதே அளவு. தட்டுக்கு நூறு, நூற்றைம்பது. எல்லாமே பசியில் சுருங்கிக் கிடந்தன.

ஐந்தாம் நாள் காலை ஆராய்ச்சிப் பெண் குழந்தையை மருத்துவரிடம் காட்டப் போயிருந்தாள். சமையலறையில் அடுப்பம்மா மட்டும். பெப்டோன் டப்பா கைக்கெட்டும் தூரத்தில். ஒரு சிட்டிகை, அதுவும் தண்ணீரில் கரைத்து, தட்டோரத்தில் ஒரு சொட்டு விட்டால் பாவம் கொஞ்சம் மூச்சு விடும். உழைக்கிறது ஒன்று மிச்சம் இருந்தாலும், அது பசியிலேயே செத்துவிட்டால்? கை தானாக டப்பா வரைக்கும் போனது. மூடியில் விரல் பட்டதும் அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் பொங்கியது. கையை இழுத்துக்கொண்டு கதவைச் சாத்திவிட்டு மொட்டைமாடிக்குப் போய், ஒரு மணி நேரம் வெயிலில் நின்றுவிட்டு வந்தாள்.

அன்று வீட்டிலும் அவள் தட்டில் கை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். புருஷன் பயந்து போனார்.

"என்ன, எனக்கு ரெண்டாம் தடவை எடுத்து வைக்கலியே நீ? உடம்புக்கு முடியலையா?"

"வேணும்னா கேளுங்களேன். வாய் இருக்குல்ல?"

"முப்பத்தொரு வருஷத்துல கேக்கிற வாய்ப்பே வந்ததில்லையே."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. எல்லாவற்றையும் கொட்டினாள். இருநூற்று நாற்பது தட்டு, தட்டுக்கு நூறு புள்ளி, அதில் குழியில் இறங்கிய ஒன்று இருக்கிறதா என்று தேட வேண்டும். புள்ளியே ஊசி முனை, குழி எப்படித் தெரியும்? மைக்ரோஸ்கோப்பில் ஒவ்வொன்றாகப் பார்த்து அந்தப் பெண்ணுக்குக் கண் சிவந்துவிட்டது, இன்னும் கால்வாசி கூட முடியவில்லை.

தையல்காரர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு யோசித்தார். "எப்படிப் பாக்கறீங்க? மேலேருந்தா?"

"பின்ன கீழேருந்தா?"

"துணியில நூல் இழுப்பு விழுந்திருந்தா மேலேருந்து பாத்தா ஜென்மத்துக்கும் தெரியாது. மேசை மட்டத்துக்குக் கண்ணை இறக்கணும். எதிர்ல ஜன்னல் இருக்கணும். வெளிச்சம் துணி மேல படுத்து வரும்ல, இழுப்பு இருக்கிற எடத்துல அது நொடிச்சு வளையும். ஜெல்லி மினுங்குமா?"

"கண்ணாடி மாதிரி மினுங்கும்."

"அப்ப இன்னும் சுலபம். ஜன்னல் கம்பி அதுல தெரியும். கம்பி நேரா இருந்தா மட்டம். வளைஞ்சா பள்ளம்."

மறுநாள் காலை எட்டு மணிக்கே அவள் போய்விட்டாள். மேடையை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, முழங்காலிட்டு, தாடையை மேடையில் பதித்துக்கொண்டு ஒரு தட்டின் மூடியைச் சாய்வாக விலக்கினாள். உறைந்த ஜெல்லியின் மேல் ஜன்னல் கம்பிகள் நான்கும் கோடு கிழித்தது போல விழுந்திருந்தன. தட்டை மெல்ல ஒரு சுற்றுச் சுற்றினாள். கம்பிகள் ஆடாமல் அசையாமல் வழுக்கிக்கொண்டு போயின. மட்டம். மூடினாள். அடுத்தது.

ஆராய்ச்சிப் பெண் வந்தபோது அவள் அறுபதாவது தட்டில் இருந்தாள்.

"என்னம்மா பண்றீங்க, கீழ உக்காந்துகிட்டு?"

"பேசாத, மூச்சு படும். எங்க வீட்டுக்காரர் வித்தை."

கம்பிக் கதையைக் கேட்டதும் அந்தப் பெண்ணும் மறுபக்கம் முழங்காலிட்டாள். பதினோரு மணிக்கு வெயில் மேலேறி வெளிச்சம் படுக்காமல் போனது. மேற்கு ஜன்னலுக்காக மூன்று மணி வரை காத்திருந்தார்கள். மறுநாள் காலையும் அதே. பேராசிரியர் எட்டிப் பார்த்து, வெள்ளிக்கிழமை வரை பார்ப்போம், இல்லையென்றால் தலைப்பை மாற்றிக்கொள்ள வேண்டியதுதான் என்றார். ஸ்டோர்காரர் இரண்டு கோணிப் பையை மடித்துக் கொண்டு வந்து போட்டார். "முட்டி தேஞ்சிடும், ரெண்டு பேருக்கும்" என்றார்.

வியாழக்கிழமை காலை, நூற்று எண்பதோ என்னவோ, எண்ணிக்கை அவளுக்கு விட்டுப் போயிருந்தது. தட்டைச் சுற்றினாள். இரண்டாம் கம்பி வழுக்கிக்கொண்டே வந்து, ஓர் இடத்தில் மயிரிழை அளவு நொடித்தது. கண் கட்டிவிட்டது என்று நினைத்தாள். பின்னால் சுற்றினாள். நேராக இருந்தது. முன்னால் சுற்றினாள். அதே இடத்தில் நொடித்தது.

"பாப்பா." தட்டை அசைக்காமலே கூப்பிட்டாள். "இங்க வா. நான் பாத்தது நெசமான்னு சொல்லு."

அந்தப் பெண் அவள் தோளில் கை ஊன்றிக் குனிந்து பார்த்தாள். அவள் விரல்கள் தோளில் அழுந்தின.

"இறங்கியிருக்கும்மா."

"ஒண்ணுதான்."

"ஒண்ணு போதும்."

அந்த ஒன்றைக் காய்ச்சி ஆறிய கம்பியின் நுனியில் தொட்டெடுத்துப் புதுத் தட்டுக்கு மாற்றியது ஆராய்ச்சிப் பெண்தான். அந்த ஐந்து நிமிஷமும் அடுப்பம்மா சமையலறைக்கு வெளியே நின்றாள். மூன்று நாளில் அது பத்தானது, பத்தும் குழிக்குள் இருந்தது. அடுத்த தட்டில் ஜன்னல் கம்பி தேவைப்படவில்லை, வெறும் கண்ணுக்கே பள்ளம் தெரிந்தது. அயோடின் ஊற்றிய தட்டு கறுத்து, நடுவில் ஈரத் துணியால் துடைத்தெடுத்தது போல வெளுத்து நின்றது. முப்பது குப்பி உறைய வைத்து, மூன்று கட்டிடங்களில் மூன்று ஃப்ரீசரில் பிரித்து வைத்தார்கள். ஒவ்வொரு ஃப்ரீசராகக் கூடவே போய், கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று இடித்துப் பார்த்துவிட்டு வந்தாள் அடுப்பம்மா.

பாக்கி இருந்த கடைசிப் பரிசோதனை நாலாம் வாரம் நடந்தது. ஐஸ் பெட்டியில் வரிசையாகப் பன்னிரண்டு குழாய்கள், ஒவ்வொன்றிலும் ஒரு ஜெல்லித் துண்டு. பதினேழு கக்கிய சாற்றை ஆராய்ச்சிப் பெண் சொட்டுச் சொட்டாக விட்டாள். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை ஒரு குழாயை எடுத்துச் சாய்த்து, எவ்வளவு இளகியிருக்கிறது என்று எழுதி, வெந்நீரில் போட்டு நொதியை நிறுத்த வேண்டும். இரண்டு மணி நேர வேலை. நான்காவது குழாயில் துண்டின் ஓரங்கள் மழுங்கியிருந்தன. ஐந்தாவதை எழுதி வெந்நீரில் போடும்போது அவள் போன் அடித்தது. கணவன். குழந்தைக்குக் காய்ச்சல் நெருப்பாகக் கொதிக்கிறதாம், பால் குடிக்க மறுக்கிறதாம்.

அவள் போனையும் பார்த்தாள், ஐஸ் பெட்டியையும் பார்த்தாள். சாறு இவ்வளவுதான் இருந்தது; திரும்பச் செய்ய இன்னும் இரண்டு வாரம் ஆகும்.

"கிளம்பு" என்றாள் அடுப்பம்மா. சொல்லிவிட்ட பிறகுதான் தான் எதைக் கேட்கிறோம் என்பது அவளுக்கே உறைத்தது. குரல் இறங்கிவிட்டது. "வேற யாரையாச்சும் வேணும்னா கூப்பிட்டு உக்கார வெச்சுட்டுப் போ."

அந்தப் பெண் கடிகாரத்தைக் கழற்றி மேடையில் வைத்தாள். நோட்டை அவள் பக்கம் திருப்பினாள். "அடுத்தது பத்து இருபதுக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டாள்.

"ஏ பாப்பா, ஒண்ணும் சொல்லாமப் போறியே?"

"என்ன சொல்லணும்?"

"எதையும் சேக்காதீங்கன்னு."

வாசலில் அந்தப் பெண் ஒரு நொடி நின்றாள். "அது உங்களுக்குத் தெரியாதாம்மா" என்றாள். சட்டென்று திரும்பி வந்து, மேடையில் உரித்து வைத்திருந்த முட்டையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு ஓடினாள்.

அடுப்பம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டாள். பத்து இருபதுக்கு ஆறாவது குழாயை எடுத்துச் சாய்த்தாள். துண்டு வழுக்கிக்கொண்டு வந்தது. எழுதி, குழாயை வெந்நீரில் போட்டாள். பத்து முப்பதுக்கு ஏழாவது. பத்து நாற்பதுக்கு எட்டாவது. நடுவில் இருந்த நேரமெல்லாம் கை இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு ஐஸ் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினொன்று இருபதுக்கு, கடைசிக் குழாயில், துண்டு இருந்த இடத்தில் தண்ணீர் இருந்தது.